நோய் தீரவில்லை, மனம் தேறியது!

மாஹிம் நவநாளுக்கு 11 ஆண்டுகளாக வரும் ஒரு தகப்பனின் அனுபவம்

(நமது பகுதிநேர நிருபர்)

புதன்கிழமை வந்துவிட்டால் எங்கள் டிக்கெட் ஜன்னலில் ஒரே குரல்தான். "மாஹிம், ரிட்டர்ன்!" காலையில் தொடங்கும் இந்தக் குரல் இரவு வரை ஓயாது.

நான் மும்பையின் மேற்குப் புறநகர் ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. டியூட்டி முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிறேன். செல்போனிலேயே டிக்கெட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. அப்படியும் புதன்கிழமைக் கூட்டம் குறையவில்லை.

காரணம், மாஹிமில் உள்ள புனித மிக்கேல் ஆலயம். போர்த்துகீசியர் காலத்தில் 16-ம் நூற்றாண்டில் தோன்றிய கோயில் இது. இப்போது நாம் பார்க்கும் கட்டிடம் 1973-ம் ஆண்டைச் சேர்ந்தது. புதன்கிழமைதோறும் இங்கே இடைவிடா சகாய மாதாவுக்கு நவநாள் நடக்கிறது. 1948-ல் தொடங்கிய வழக்கம். தொடர்ந்து 9 புதன்கிழமை வந்து வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் மற்ற மதத்தினரும் வருகிறார்கள்.

கோயிலுக்கு வெளியே மெழுகு உருவங்கள் விற்கிறார்கள். கால் வலி உள்ளவர் மெழுகில் செய்த காலை வாங்கிக் காணிக்கை வைக்கிறார். பிள்ளை இல்லாதவர் மெழுகுக் குழந்தையை வைக்கிறார். ஒண்டுக் குடித்தனக்காரர் மெழுகு வீட்டை வைக்கிறார். கேட்டது கிடைத்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதிப் போடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுவது உண்டு. கேட்டது கிடைத்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள், சரி. கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்?

நான் கிறிஸ்தவன் அல்ல. ஊரில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்கும் சொந்தமான கேள்விதான். என் தாயாருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். அந்த நோயில் போன பார்வை திரும்பி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தும் மாதம் ஒரு டாக்டர், ஆடிக்கு ஒரு கோயில், தைக்கு ஒரு கோயில் என்று தாயாரைக் கூட்டிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன்.

என் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருநாள் என் ஜன்னலுக்கே வந்து நின்றார்.

இட்லி அண்ணாச்சி

அவருக்கு வயது 50-க்கு மேல் இருக்கும். நெல்லைச் சீமையில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்துக்காரர். 18 வயதில் மும்பைக்கு வந்தவர். முதலில் தாராவியில் இருந்தார். இப்போது எங்கள் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு குடிசைப் பகுதியில் இருக்கிறார். விடியற்காலையில் சைக்கிளில் இட்லி, சாம்பார், சட்னியைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்புவார். 10 மணிக்குப் பாத்திரம் காலியாகிவிடும்.

5 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புதன்கிழமை, மாஹிம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டவர், "தம்பி, நடக்க முடியாத பிள்ளையைக் காட்பாடிக்குக் கூட்டிட்டுப் போகணும். டிக்கெட்டிலே ஏதாவது சலுகை உண்டுமா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாத ஊனமுற்றோருக்கும், கூட வரும் ஒருவருக்கும் ரயில்வேயில் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பிலும், ஸ்லீப்பரிலும், மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதம் கழிவு கிடைக்கும். அரசு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இத்தனை வருஷமா முழுக் கட்டணம் கொடுத்தில்லா போயிட்டு வந்தேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் எனக்கு அண்ணாச்சி. நான் அவருக்குத் தம்பி.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

ஆறு வயதில் தெரிந்தது

அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள். கடைசியாகப் பிறந்தது பையன். நடக்கத் தொடங்கியது முதலே அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தொடையில் கை ஊன்றித்தான் எழுவான். ஆடுசதை மட்டும் பருமனாக இருக்கும். 'நல்ல சதைப் பிடிப்பான பிள்ளை' என்று வீட்டில் பெருமைப்பட்டார்களாம். அந்தப் பருமன்தான் நோயின் அடையாளம் என்பது பையனின் 6-வது வயதில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தெரிந்தது.

நோயின் பெயர் டூஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. உடம்பின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகும் நோய். பிறவியிலேயே அமைந்துவிடுவது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் தாக்கும். முதலில் கால், பிறகு கை, அதன் பிறகு மூச்சுக்கான தசையும் இருதயமும் தளர்ச்சி அடையும். நோய் முற்றும் வேகத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

"டாக்டர் நல்ல மனுசர். உக்கார வச்சி விளக்கமாச் சொன்னாரு. ஆனா எனக்குக் காதிலே ஒண்ணும் ஏறலை. 'எத்தனை ரூவா ஆகும்?' என்னு மட்டும் கேட்டேன். 'ரூபாயால் ஆகிற காரியம் இல்லை' என்னுட்டாரு" என்றார் அண்ணாச்சி.

அலையாத இடம் இல்லை

அடுத்த 6 ஆண்டுகள் கணவனும் மனைவியும் அலையாத இடம் இல்லை. வேளாங்கண்ணிக்கு 4 தடவை போனார்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். கேரளத்து எண்ணெய் வைத்தியம், நாட்டு மருந்து, ஊசி என்று கேள்விப்பட்டதை எல்லாம் செய்தார்கள். தங்கச் சங்கிலி போயிற்று. ஊரில் இருந்த 20 சென்ட் நிலமும் போயிற்று.

புதன்கிழமை தவறாமல் மாஹிம். ஒவ்வொரு முறையும் மெழுகில் இரண்டு கால் வாங்கி வைப்பார் அண்ணாச்சி. இங்கே பையனின் கால் தளர்ந்துகொண்டே வந்தது.

ஒரு ஜெபக் கூட்டத்தில் நடந்ததை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. பையனின் தலையில் கை வைத்து ஜெபித்தவர், பையன் எழுந்து நடக்காததைக் கண்டு, "பெற்றோருக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"அன்னைக்கு என் பெண்டாட்டி விழுந்தா, தம்பி. பிள்ளைக்கு நோய் வந்ததே போதாதா? அதுக்குக் காரணமும் நாந்தானான்னு அழுதா. பிறகு ஒரு வருஷம் அவ கோயில் படி ஏறலை" என்றார்.

பையன் கேட்ட கேள்வி

பையனுக்கு 12 வயதானபோது நடை முற்றிலும் நின்றது. தர்ம ஸ்தாபனம் ஒன்று சக்கர நாற்காலி கொடுத்தது. அந்த நாற்காலி வீட்டுக்குள் வந்த இரவு, வழக்கம்போல் குடும்ப ஜெபமாலை சொன்னார்கள். முடிவில் அண்ணாச்சி, "மாதாவே, என் பிள்ளையை எழுந்து நடக்கச் செய்யும்" என்று மன்றாடினார்.

அப்போது பையன் கேட்டானாம்:-

"அப்பா, தினமும் என்னை மாத்திக் குடுக்கச் சொல்லியே கேக்கீங்களே, நான் இப்படியே இருந்தா உங்களுக்கு வேண்டாமா?"

இதைச் சொல்லும்போது அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தைப் பார்த்தார். ஒரு விரைவு லோக்கல் போய் முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு சொன்னார்: "6 வருஷமா நான் அவனுக்காகத்தான் ஜெபம் பண்ணுதேன்னு நினைச்சிட்டு இருந்தேன். அவன் காதிலே அது எப்படி விழுந்திருக்கு பாத்தீங்களா? எங்க அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலை, வேற பிள்ளை கேக்காருன்னு விழுந்திருக்கு."

அன்று இரவு அவர் தூங்கவில்லை. மாவாட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். மறுநாள் ஜெபத்தில் அவர் கேட்டது வேறு. "இந்தப் பிள்ளையை எங்களுக்குக் கொடுத்ததுக்கு நன்றி. இவனை வச்சிக் காப்பாத்த எங்களுக்குத் தெம்பு கொடும்." அவ்வளவுதான்.

வேலூரில் கேட்ட வரலாறு

அதன் பிறகுதான் வேலூர்ப் பயணம். நடக்கவைக்க அல்ல, நடக்க முடியாத பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள. காட்பாடி டிக்கெட்டுக்குச் சலுகை கேட்டு என் ஜன்னலுக்கு வந்தது அப்போதுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. மூட்டுகள் இறுகாமல் இருக்கத் தினமும் செய்ய வேண்டிய பயிற்சி, நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளும் முறை, படுக்கைப் புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்க வைக்கும் முறை எல்லாவற்றையும் அண்ணாச்சியும் அவர் மனைவியும் கற்றுக்கொண்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் அந்த நிலையத்தின் வரலாற்றைச் சொன்னார். கேட்ட வரலாற்றை அண்ணாச்சி எனக்குச் சொன்னார். நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் நிபுணராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1954 ஜனவரியில் இளம் டாக்டர்களுடன் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் உணர்வற்றுப் போயின. வயது 28.

நடக்க வேண்டும் என்று அவரும் ஜெபித்தார். கால் வரவில்லை. படுக்கையில் கிடந்த அவரிடம் வேறு ஒரு யோசனையைச் சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துவதில் உலகப் புகழ் பெற்றவர். கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கால் வேண்டியதில்லை; கையும் கண்ணும் போதும். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் சென்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார்.

பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்கே திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இத்துறையில் இந்தியாவுக்கே முன்னோடி நிலையம் அது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசி வரை அந்தக் கால்கள் அசையவில்லை.

"அந்த அம்மா எழுந்து நடந்திருந்தா அந்த ஆஸ்பத்திரி வந்திருக்குமோ என்னமோ. அதுக்காகத்தான் கடவுள் காலை எடுத்தாருன்னு நான் சொல்ல மாட்டேன், தம்பி. அப்படிச் சொன்னா அது பாவம். மிச்சம் இருந்த கையை அந்த அம்மா அவர்கிட்ட கொடுத்தாங்க. அதைத்தான் நான் பாக்குதேன்" என்றார் அண்ணாச்சி.

கிடைக்காத வரம்

பிறகு அவர் எனக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். எந்தெந்தப் பக்கம் என்று தாள் கிழித்து அடையாளம் வைத்திருந்தார்.

புனித பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதம் ஒன்று. தன் உடம்பில் தைத்த முள்போல ஒரு துன்பம் இருந்தது என்றும், அதை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அது என்ன துன்பம் என்று சொல்லவில்லை. தன் அருள் உனக்குப் போதும் என்ற கருத்தில்தான் பதில் வந்தது. முள் அப்படியே இருந்தது. அதே பவுல் பிறகு சிறையில் இருந்தபடி பிலிப்பி நகரத்தாருக்கு எழுதும்போது, அறிவுக்கு எட்டாத ஒரு சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறார். விடுதலையாகி வீட்டுக்கு வந்து எழுதவில்லை, விலங்கோடு எழுதுகிறார்.

இன்னொரு அடையாளம், கெத்சமனே தோட்டம். இயேசு கைதான இரவு. தனக்கு வரப்போகும் துன்பம் நீங்க வேண்டும் என்று அவரே வேண்டுகிறார். முடிவைத் தந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார். துன்பம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவை.

"கடவுளோட மகன் கேட்டதே நடக்கலை. அவருக்கு விசுவாசம் போதாதுன்னு யாராவது சொல்லுவாங்களா? இதை என் பெண்டாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவளாவே சேலை மாத்திட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டா" என்று சொல்லிச் சிரித்தார்.

அழுகை வராதா?

பையனுக்கு இப்போது 17 வயது. சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். 10-க்கு 12 அறை. வாசலில் நாற்காலி ஏறி இறங்கப் பலகைச் சரிவு. பையன்தான் இட்லிக் கணக்கு முழுவதும் செல்போனில் பார்க்கிறான். எந்தக் கடைக்காரர் எத்தனை பிளேட் பாக்கி என்று விரல் நுனியில் வைத்திருக்கிறான். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் 6 பேர் அவனிடம் கணக்குப் படிக்கிறார்கள். நான் போனபோது பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சிறுவனுக்குப் புரியவில்லை. "ஒரு இட்லியை நாலு பேருக்குப் பங்கு போடு" என்றான். வீடே சிரித்தது.

ஆனால் அவன் கையும் இப்போது தளர்கிறது. தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இருதயத்தை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள். வரப்போவதைக் குறித்து டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பையனுக்கும் தெரியும்.

"இவ்வளவும் தெரிந்த பிறகும் உங்களுக்கு மனநிம்மதி இருக்கிறதா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. அவர் கூறியதாவது:-

"ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைக்கணும். அந்த இருட்டிலே சில நாள் அழுகை வரும். சமாதானம் வந்துட்டா அழுகை வராதுன்னு யார் சொன்னது? முன்னாலேயும் அழுதேன். அப்ப யாரோ என்னை ஏமாத்திட்ட மாதிரி கோவத்திலே அழுதேன். இப்பவும் அழுதேன். இப்ப கூட ஒருத்தர் உக்காந்திருக்காரு. வித்தியாசம் அவ்வளவுதான். 4 மணிக்குப் புரட்டினதும் அடுப்பைப் பத்த வைக்கணும். இட்லி ஊத்தணும்."

"இப்போது மாஹிம் போய் என்ன கேட்கிறீர்கள்?"

"மெழுகுக் கால் வாங்குறதை விட்டுட்டேன். அந்த ரூவாய்க்கு அவனுக்குப் பழம் வாங்கிட்டு வாரேன். அங்கே போய்க் கொஞ்ச நேரம் சும்மா உக்காருவேன். வருஷத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிப் போடுவேன். இந்த வருஷமும் எங்க பிள்ளை எங்ககூட இருந்தான், நன்றின்னு எழுதுவேன்."

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டது கிடைக்காதவர்களும் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள்.

சோம்பல் அல்ல

வாசகர்கள் ஒன்றைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. 'எல்லாம் விதி' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்ல அண்ணாச்சி. டாக்டர் சொன்ன மருந்து நிற்கவில்லை. பயிற்சி ஒருநாள் தவறவில்லை. ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கிவிட்டார். லோக்கல் ரயிலில் ஊனமுற்றோருக்கான பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்பது வரை பையனுக்குத் தெரியும். செய்ய முடிந்ததை எல்லாம் அவர் செய்கிறார். செய்ய முடியாத பாகத்தை மட்டும் ஒவ்வொரு இரவும் இறைவனிடம் ஒப்படைக்கிறார். 6 ஆண்டுகள் அந்தப் பாகத்தோடு சண்டை போட்டதில் செய்ய முடிந்ததும் கெட்டது என்பது அவர் கண்ட பாடம்.

சொந்த ஊரை விட்டு வந்து இந்த நகரத்தில் உழைக்கும் நம்மில் பலருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கிறது. தீராத நோய், திரும்பி வராத பிள்ளை, முடிந்துபோன உறவு. வேண்டுதலால் தீர்ந்தவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். தீராமலே நிம்மதியாக இருக்கும் ஒருவரை நான் நேரில் பார்த்ததால் இதை எழுதினேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போனதும் தாயாரிடம், "அம்மா, அடுத்த மாதம் சென்னையில் ஒரு கண் டாக்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னடா?" என்றார்.

"ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ பேப்பரிலே எழுதறே, எழுதறேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. என்ன எழுதறேன்னு எனக்கு ஒருநாளாவது வாசிச்சுக் காட்டினியா?" என்றார்.

3 ஆண்டுகளாக அவரை எத்தனையோ வாசல்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இதை ஒருநாளும் செய்யவில்லை. இப்போது தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசிக்கிறேன். இந்தக் கட்டுரையையும் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.